வாய்க்கால் கரையில் வில்லோ வைக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. 2023 டிசம்பர் மழையில் வயலோரம் போகும் கிளை வாய்க்காலின் கரையை இருபதடி நீளத்துக்குத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. மண் கொட்டி நிரவினாலும் ஒவ்வொரு மழைக்கும் கரைகிறது. கொடைக்கானலில் இருக்கும் மருமகன், "வில்லோ வைத்தால் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும்" என்று நான்கு போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய கொம்புகளை, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். தொட்டியில் ஊன்றினேன், நான்கும் வேர்விட்டுவிட்டன. பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டு, "இது என்ன சீமை மரமா? மலையில ஓடக்கரையில நிக்குமே, நம்ம ஆத்துப்பாலைதானே" என்கிறார். இரண்டும் ஒன்றா? எதை வைக்கலாம்? வேதாகமத்தில் பாபிலோன் ஆற்றோரம் வரும் அலரிச்செடி இதுதான் என்று சபையில் ஒருவர் சொன்னார், சரியா? இதில் கிரிக்கெட் மட்டை செய்யலாமா என்று என் பேரன் கேட்கச் சொன்னான். மூட்டுவலிக்கு இதன் பட்டை நல்லது என்று மகள் போனில் படித்துக் காட்டினாள். இலையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

இலைக்குப் பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். என் பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. எனக்கு வரும் படங்களில் பெரும்பாலும் மரம் எங்கோ தூரத்தில் நிற்கும், அனுப்பியவர் அதற்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பார்.

உங்கள் தொட்டியில் இருப்பது ஆற்றுப்பாலை இல்லை. மலை ஊர்த் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கிற வீப்பிங் வில்லோ. ஆனால் பக்கத்து வயல்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஆளைத்தான் மாற்றிச் சொன்னார், குடும்பத்தைச் சரியாகத்தான் சொன்னார். இரண்டும் சாலிக்ஸ் என்ற ஒரே பேரினம். நம் ஊர்க் கணக்கில் நீர்மருதும் கருமருதும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மருதுதான். ஆனால் ஒன்று வெளிறிய வழவழப்பான பட்டையோடு ஆற்றங்கரையில் நிற்கும், மற்றது முதலைத் தோல் போல வெடித்த கருத்த பட்டையோடு மலைச்சரிவில் நிற்கும். பெயரில் பாதி ஒன்று என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது. உங்கள் இரண்டு வில்லோக்களின் கதையும் அதுதான்.

இலையிலிருந்து தொடங்குகிறேன். வீப்பிங் வில்லோவின் இலை நீளமாக, ஒரு விரல் அகலத்துக்குள் ஒடுங்கி, நுனி கூராக இழுத்துவிட்டது போல இருக்கும். உங்கள் அடிக்கோல் காட்டுவதும் அதையே. ஆற்றுப்பாலையின் இலையும் நீளம்தான், எட்டு முதல் பதினைந்து சென்டிமீட்டர் வரை போகும். ஆனால் நடுவில் அகன்று கிட்டத்தட்ட மாவிலைக் கொழுந்தின் வாகில் இருக்கும். இரண்டுக்கும் ஓரத்தில் நுண்ணிய பல் உண்டு, அடிப்பக்கம் வெளிறியிருக்கும். அதனால் பல்லையும் நிறத்தையும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அகலத்தைப் பாருங்கள்.

அடுத்து மரத்தின் நிற்பு. வீப்பிங் வில்லோவின் இளங்கொம்புகள் தலைவிரித்தது போலத் தரையை நோக்கித் தொங்கும். ஆற்றுப்பாலை அப்படித் தொங்காது. அது சாதாரணமாகக் கிளைத்து வளரும் நடுத்தர மரம், பட்டை முரடாக, நெடுக வெடிப்பு விழுந்திருக்கும். இளந்தளிரில் பட்டுப் போன்ற மெல்லிய ரோமம் இருக்கும், காலை வெயிலில் பார்த்தால் வெள்ளியாக மினுங்கும். என் வேலைக்காலத்தில் ஆனைமலைப் பக்கம் ஓடையோரங்களில் அதைத் தூரத்திலிருந்தே அந்த மினுக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

பூக்கும் வயது வந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. வில்லோக்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, நம் பனையைப் போல. ஆண் பூக்கதிரில் ஒரு பூவைப் பிய்த்து லென்சில் பாருங்கள். வீப்பிங் வில்லோவில் இரண்டே மகரந்தத் தாள்கள் இருக்கும். ஆற்றுப்பாலையில் ஐந்துக்குக் குறையாது, பத்து வரைகூட இருக்கும். அதன் ஆண் கதிருக்கு நல்ல மணமும் உண்டு. ஆற்றுப்பாலையின் அறிவியல் பெயரில் வரும் 'டெட்ராஸ்பெர்மா' என்பதற்கு 'நான்கு விதை' என்று பொருள். சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைப் பற்றி ஓவியங்களோடு எழுதிய வில்லியம் ராக்ஸ்பரோ காய்க்குள் இருந்த விதைகளை எண்ணி வைத்த பெயர் அது.

இன்னொரு சின்னச் சோதனை. 'பாலை' என்று பெயரில் இருப்பதால் இதைக் கிள்ளினால் பால் வடியும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வெட்பாலை, ஏழிலைப்பாலை இரண்டிலும் வடியும். ஆற்றுப்பாலையில் வடியாது, எந்த வில்லோவிலும் வடியாது. "ஆற்றுப்பாலைக் கன்று" என்று யாராவது ஒன்றைத் தந்து, கிள்ளினால் பால் வந்தால், தந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் நர்சரிகளில் 'வில்லோ' என்ற பெயரில் பாட்டில்பிரஷ் கன்றை விற்பதும் உண்டு. அதுவும் கொம்பைத் தொங்கவிடும், இலையும் ஒடுக்கம். இலையைக் கசக்கினால் யூகலிப்டஸ் மாதிரி வாசனை வரும், அதை வைத்து ஒதுக்கிவிடலாம். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, மருமகன் சரியான மரத்தைத்தான் கொண்டுவந்திருக்கிறார். சரியான ஊருக்குக் கொண்டுவந்தாரா என்பதுதான் கேள்வி.

வீப்பிங் வில்லோ வட சீனத்து மரம். குளிர் வந்ததும் இலையை உதிர்த்து ஓய்ந்து, குளிர் விட்டதும் துளிர்க்கும். கொடைக்கானல் அதற்கு ஓரளவு பிறந்த வீடு மாதிரி. வீரவநல்லூரில் கத்திரி வெயில் அடிக்கும்போது அந்த மெல்லிய இலை என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் நான்கும் பிழைத்ததைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வில்லோப் போத்து ஈரம் கண்ட இடத்தில் வேர்விடும், அது அதன் பிறவிக் குணம். வேர்விடுவது வேறு, மரமாவது வேறு. நம் சமவெளியில் அதைக் கரைக்காவலுக்கு வைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் ஆற்றுப்பாலையை வைக்கலாமே என்பீர்கள். வெப்பம் அதற்குப் பிரச்சினை இல்லை. இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆறு, ஓடை, சதுப்பு என்று காலடியில் நீர் இருக்கும் இடத்தில் வாழப் பழகிய மரம். மழைக்காலம் முடியும்போது இலையை உதிர்த்து, திரும்பத் தளிர்த்துப் பூக்கும். வெள்ளத்தில் மூழ்கினாலும் எழுந்துவிடும், முறிந்த கொம்பு கரை ஒதுங்கிய இடத்தில் வேர்விடும். கரையைப் பிடிக்கும் வேலைக்கு வீப்பிங் வில்லோவைவிடப் பத்து மடங்கு தகுதி உள்ளது.

ஆனால் உங்கள் வாய்க்காலை யோசித்துப் பாருங்கள். பிசான நெல்லை அறுத்த பிறகு தண்ணீரை அடைத்துவிடுவார்கள். ஜூனில் கார் சாகுபடிக்குத் திறக்கும் வரை வாய்க்காலுக்குள் பிள்ளைகள் பம்பரம் விடுவார்கள். மலை ஓடையில் சித்திரையிலும் கல்லிடுக்கில் கசிவு இருக்கும், வேருக்கு அது போதும். கிளை வாய்க்காலில் அந்தக் கசிவு கிடையாது. ஈரத்தையே நம்பி வளர்ந்த மரத்துக்கு அந்த இரண்டு மூன்று மாதம்தான் எமன். உங்கள் வயலில் கோடையிலும் காயாத ஊற்றுப்பள்ளம் ஏதாவது இருந்தால் அங்கே ஒரு ஆற்றுப்பாலை வைக்கலாம். வாய்க்கால் கரையில் வரிசையாக வைத்தால் முதல் கோடையிலேயே பாதி போய்விடும்.

வேர் சமாச்சாரம் ஒன்றும் இருக்கிறது. வில்லோ எதுவானாலும் தண்ணீரைத் தேடிப்போகும். குழாய் இணைப்பிலோ செப்டிக் டேங்கிலோ ஒரு கீறல் இருந்தால் உள்ளே புகுந்து வலை பின்னிவிடும். வீடு, கிணறு, குழாய் இவற்றிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி இருக்கட்டும். ஆற்றுப்பாலை வைக்கத் தீர்மானித்தால் ஆண் மரத்தின் போத்தாகக் கேளுங்கள். பெண் மரத்தின் காய் வெடித்தால் விதையோடு பஞ்சு பறக்கும். களத்தில் நெல்லைக் காயப்போட்டிருக்கும் நேரம் பார்த்து அது வந்து விழுந்தால் பக்கத்து வயல்காரர் மரத்தின் பெயரை மட்டுமல்ல, உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்வார். போத்துக்காக முண்டந்துறைப் பக்கம் யாரையும் அனுப்பிவிடாதீர்கள். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், அங்கே ஒரு குச்சி ஒடித்தாலும் குற்றம். வனத்துறை நாற்றுப்பண்ணையில் சொல்லிவைத்தால் ஏற்பாடு செய்ய வழியுண்டு.

சரி, கரைக்கு என்னதான் செய்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் நொச்சி வைப்பேன்.

சிரிக்காதீர்கள். நொச்சிதான் நம் சமவெளியின் வில்லோ என்பது என் நெடுநாள் எண்ணம். குடும்பம் முற்றிலும் வேறு. ஆனால் வில்லோவிடம் நீங்கள் எதிர்பார்க்கும் வேலையை எல்லாம் அது செய்யும். போத்து ஊன்றினால் பிடிக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும், கொம்பு வளைந்து கொடுக்கும், கூடை முடையலாம், படல் கட்டலாம். வெயிலுக்கு அஞ்சாது, நீர் நின்றாலும் பொறுக்கும். ஆடு வாய் வைக்காது. வில்லோ இலையோ, நமக்கு அல்வா எப்படியோ அப்படி ஆட்டுக்கு. தமிழ் டீச்சரோ கணக்கு டீச்சரோ தெரியவில்லை, இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. புறத்திணையில் மண்ணாசை கொண்டு அடுத்தவன் நாட்டின் மேல் படையெடுப்பது வஞ்சி. மதிலைக் காத்து நிற்பது நொச்சி. அந்த வஞ்சி ஆற்றுப்பாலைதான் என்று சொல்லும் தாவரவியலாளர்கள் உண்டு. வேறு கொடியைச் சொல்வாரும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் ஆற்றோரப் புதர்கள் சிலவற்றுக்கு வஞ்சி என்று முடியும் பெயர் இன்றும் வழங்குகிறது. அந்த வழக்கு தீரும்போது தீரட்டும். உங்களுக்கு வேண்டியது காவல், அதற்கு நொச்சி.

செய்முறை இது. ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அரித்த இடத்தில் சரிவைச் சற்றுச் சாய்த்து வெட்டுங்கள். செங்குத்தாக விட்ட கரையில் எதை வைத்தும் பயனில்லை. உங்கள் கரை திரும்பத் திரும்பக் கரைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், புதுமண்ணைச் சுவர் மாதிரி நிறுத்தியிருப்பார்கள். நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே வெட்டிவேர் நாற்றை ஒரு சாண் இடைவெளியில் ஒரே வரிசையாக நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராக ஆளுயரத்துக்கு இறங்கும், அதனால் நெல்லோடு போட்டி போடாது. அதற்கு மேலே சரிவில் சுண்டுவிரல் கனத்தில், ஒன்றரை அடி நீளத்தில் நொச்சிப் போத்துகளை வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி சாய்வாக ஊன்றுங்கள், இரண்டடிக்கு ஒன்று. அடி எது, நுனி எது என்று பார்த்து ஊன்றச் சொல்லுங்கள். ஆள் விட்டு ஊன்றும்போது பாதியைத் தலைகீழாகச் செருகியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குள் நான்கு மாதம் கிடைக்கும், வேர் இறங்க அது போதும்.

வாய்க்கால் கரை உங்கள் பட்டாவில் இருக்காது. அதனால் வேலை தொடங்கும் முன் நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தூர்வாரும் இயந்திரம் வரும்போது உங்கள் நொச்சியைப் புதர் என்று நினைத்து வழித்துவிடாமல் இருக்கவும் அது உதவும்.

மரமே வேண்டும் என்றால் கரைக்குப் பத்தடி உள்ளே, உங்கள் நிலத்தில், நீர்மருது இரண்டு வையுங்கள். இரண்டு போதும், அதற்கு மேல் போனால் நெல்லுக்கு நிழல் கட்டும். தாமிரபரணிக் கரைக்கு அதைவிட உரிமையுள்ள மரம் எது? உங்களுக்கு வடக்கே ஆற்றோரத்தில் இருக்கும் திருப்புடைமருதூர் ஊரே மருதின் பெயரில்தான் நிற்கிறது, கோயில் தலமரமும் அதுதான். அங்கே மரங்களில் பறவைகள் வந்து கூடு கட்டுவதால் 2005இல் அந்த இடத்தைப் பாதுகாப்புப் பகுதியாகவே அறிவித்தார்கள்.

'தொங்குகிற அழகு'தான் மருமகனை மயக்கியது என்றால், அவருக்குச் செங்கடம்பைக் காட்டுங்கள். சிலர் சமுத்திரப்பழம் என்பார்கள். காலை நீரிலேயே வைத்துக்கொண்டு நிற்கும். பூக்கும் காலத்தில் கிளையெல்லாம் சிவப்புச் சரங்கள் முழ நீளத்துக்குத் தொங்கும். பூ இரவில் விரிந்து விடியும்போது உதிர்ந்துவிடும், காலையில் மரத்தடித் தண்ணீர் குங்குமம் கொட்டியது போலக் கிடக்கும். இதைப் பார்த்த பிறகு வீப்பிங் வில்லோவைத் தேடுகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இனி உங்கள் மற்ற கேள்விகள். அலரிச்செடி பற்றிச் சபையில் சொன்னவர் தனியாள் இல்லை, அவருக்குப் பெரிய துணை உண்டு. 18ஆம் நூற்றாண்டில், செடிகொடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே அப்படி நம்பித்தான் சீனத்து மரத்துக்கு 'பாபிலோனிகா' என்று பெயர் வைத்தார். 137ஆம் சங்கீதத்தில் கின்னரங்களை (யாழ் போன்ற இசைக்கருவிகளை) தூக்கிவைத்த மரம் பெரும்பாலும் யூப்ரடீஸ் பாப்லர் என்பதுதான் இன்று தாவரவியலாளர்கள் கருத்து. அதுவும் வில்லோவின் குடும்பமே. அதன் இளங்கொம்பில் இலை வில்லோ மாதிரி ஒடுக்கமாகவும், முதிர்ந்த கொம்பில் அகலமாகவும் இருக்கும். ஒரே மரத்தில் இரண்டு முகம் இருந்தால் யார்தான் ஏமாற மாட்டார்கள்? தமிழில் மொழிபெயர்த்தவர்கள் வில்லோவைக் காணாத வாசகருக்காக அலரி, அதாவது அரளி, என்று போட்டிருக்கலாம். ஆற்றோரம், ஒடுங்கிய நீண்ட இலை என்று பார்த்தால் மோசமான தேர்வு இல்லை. ஆனால் அரளிக்கும் வில்லோவுக்கும் உறவு ஏதும் இல்லை, அரளி விஷமும்கூட. உறவு வேண்டுமென்றால் நம் காட்டுச் சொத்தைக்களாவைச் சொல்லலாம். மரபணு ஆராய்ச்சிக்குப் பிறகு அதை வில்லோக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். முள்ளும் பழமுமாக அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்கே முதலில் வியப்பாகத்தான் இருந்தது.

பேரனுக்கு: கிரிக்கெட் மட்டை செய்வது இந்த இரண்டிலும் இல்லை. அது வெள்ளை வில்லோவின் ஒரு வகை. 'இங்கிலீஷ் வில்லோ', 'காஷ்மீர் வில்லோ' என்று கடையில் இரண்டு விலை சொல்கிறார்களே, இரண்டும் ஒரே இன மரம். வளர்ந்த மண்ணும் குளிரும்தான் வேறு. இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கமும், காஷ்மீரில் அனந்தநாக், புல்வாமா பக்கமும் வளர்கிறது. நம் வெயிலில் அது தேறாது. தாத்தா காலத்துத் தென்னை மட்டை பேட் எப்படிச் செதுக்குவது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

மூட்டுவலி விஷயத்தில் மகள் படித்தது பொய் இல்லை. வில்லோப் பட்டையில் சாலிசின் என்ற பொருள் இருக்கிறது. 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் காய்ச்சலுக்கு அந்தப் பட்டைத் தூளைக் கொடுத்துப் பார்த்து இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆஸ்பிரினின் பூர்வகதை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் எந்தப் பட்டையில் எவ்வளவு இருக்கிறது என்பது மரத்துக்கு மரம் மாறும். வயிற்றுப் புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தொடவே கூடாது. கஷாயம் வைக்காதீர்கள். முழங்காலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொட்டியில் இருக்கும் நான்கை என்ன செய்வது? மூன்றை மருமகன் அடுத்த முறை வரும்போது மலைக்கே கொடுத்தனுப்புங்கள், அங்கே நன்றாக இருக்கும். ஒன்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் பக்கம், மதிய வெயில் படாத கிழக்குச் சுவரோரமாக வைத்துப் பாருங்கள். சித்திரையைத் தாண்டினால் அது உங்கள் கைராசி. வெட்டிவேரும் நொச்சியும் ஊன்றி ஒரு மழை பார்த்த பிறகு கரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், இதே மாதிரி அடிக்கோலை வைத்து.